கூவத்தின் கறுப்பைச் சுவருக்குக் கொண்டுவருவது

கூவத்தை மூன்று திரைகளில் ஓடவிடும் வீடியோ நிறுவலில் முதலில் சொதப்புவது கறுப்புதான். புரொஜெக்டருக்குக் கறுப்பை வீசத் தெரியாது. அது கறுப்பு என்று தருவது, அடைக்க முடியாமல் கசியும் சாம்பல் வெளிச்சம். வெள்ளைச் சுவரில் அடித்தால் சிந்தாதிரிப்பேட்டை ஆறு சிமென்ட் தரைபோலக் கிடக்கும். சுவருக்கு நடுச்சாம்பலில் மேட் பெயின்ட் அடியுங்கள். அறைக்குள் வேறு விளக்கு எதுவும் எரியக்கூடாது.

மூன்று படங்களையும் ஓரம் கலந்து ஒட்டுவது இன்னொரு பொறி. பகல் காட்சியில் தையல் தெரியாது. இருண்ட நீரில், இரண்டு புரொஜெக்டர்களின் கசிவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் செங்குத்தான வெளிர் பட்டையாக நிற்கும். சரிசெய்ய மற்ற இடங்களின் கறுப்பையும் உயர்த்தவேண்டும். அப்புறம் கறுப்பு எங்கே? ஒட்டாமல் 10 செ.மீ. இடைவெளி விடுவது மேல். கண்ணுக்கு அது பாலத்தூண் மாதிரிதான் படும். 3 மீட்டர் அகலப் படத்துக்கு, 0.5 த்ரோ ரேஷியோ (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது) உள்ள புரொஜெக்டரை 1.5 மீட்டரில் வைத்தால் பார்வையாளர் நிழல் அவ்வளவாக விழாது.

படம்பிடிக்கும்போது எக்ஸ்போஷரை ஆட்டோவில் விடாதீர்கள். இருட்டு நீரைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வானத்தின் பிரதிபலிப்பு வெளுக்காத அளவுக்கு மேனுவலில் பூட்டுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. இல்லையென்றால் தெருவிளக்குகள் துடிக்கும். நீரின் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடலாம். தெளிந்த ஆற்றில் அது அடியிலுள்ள கூழாங்கல்லைக் காட்டும். இங்கே ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் சல்பைடும் இரும்பும் சேர்ந்த கருமைதான் அடியில். நீர்ப்பரப்பில் நெளியும் நேப்பியர் பாலத்து வளைவுதான் படம். அதைத் துடைத்துவிட்டு எதைக் காட்டுவது? பாதுகாப்புக் கெடுபிடி உள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருகிலேயே இருப்பதால் ட்ரோன் நினைப்பும் வேண்டாம்.

திசை முக்கியம். தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் கடல் வலப்பக்கம் வரும். மூன்று திரைகளுக்கும் அதையே பிடியுங்கள். முகத்துவாரத்தில் மணல்மேடு திறந்திருந்தால் கடல் ஏற்றத்தின்போது நீர் மேற்கே போகும். எடிட்டர் அதைத் தவறென்று நினைத்துத் திருப்பிவிடுவார், சொல்லிவையுங்கள். இடது திரைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமம் பொருந்தும். திருவிற்கோலம் என்று சம்பந்தர் பாடிய தலம் அது. நகரத்தில் வசவாகிப்போன பெயருக்கு ஊர் அதுதான்.

கடல் வற்றத்தின்போது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் ஓரச் சேற்றைப் பிடித்துப் பாருங்கள். மேலிருக்கும் நீரின் அழுத்தம் குறைவதால் சேற்றுக்குள்ளிருந்து மீத்தேன் குமிழிகள் கிளம்பும். ஒன்று எழும், எண்ணெய்ப் படலத்தைக் குடைபோலத் தூக்கும், வானவில் நிறத்தோடு ஒரு கணம் நின்று உடையும். கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். மைக் கேபிள் முனைகளை அன்றன்றே துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள்.

வீடியோ கோப்பைச் சுருக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அலையும் இருட்டும் சேர்ந்த படம் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஒதுக்கும் தரவு அளவு) கட்டம்கட்டமாக உடையும். 1080 அளவுக்கு 30 எம்பிபிஎஸ் வையுங்கள்; லேசாகக் கிரெய்ன் (பொடிப்பொடியான புள்ளிகள்) தூவினால் இருட்டில் படிப்படியாகத் தெரியும் வரிகள் மறையும். மூன்று பிளேயர்களைத் தனித்தனியே லூப்பில் விட்டால் சில மணி நேரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பிளேயர் மற்ற இரண்டுக்கும் நெட்வொர்க்கில் ஆணை அனுப்பட்டும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத்தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். காவலாளியிடம் ரிமோட் கொடுத்துவைத்தால் நீலத்திரைதான் மிஞ்சும்.