செக்மென்ட் வரிசையை முதல் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் எழுதப்படும் இன்டெல் 8086 செயலிக்கான அசெம்பிளி நிரல்கள் பெரும்பாலும் ஒரே கோப்பில் முடிந்துவிடுவதால், செக்மென்ட்டுகள் (குறிமுறை, தரவு, ஸ்டாக் என நிரல் பிரியும் பகுதிகள்) நினைவகத்தில் எந்த வரிசையில் அமர்கின்றன என்ற கேள்வியே மாணவர்களுக்கு எழுவதில்லை. நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து, பிறகு லிங்க் செய்யத் (ஒரே நிரலாக இணைக்கத்) தொடங்கியதும் அந்த வரிசை நம் கையைவிட்டுப் போகிறது. சென்னையில் என்னிடம் அசெம்பிளி படிக்க வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

மைக்ரோசாஃப்ட் லிங்க்கர், அசெம்பிளர் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை நாம் கொடுத்த வரிசையில் படித்து, செக்மென்ட்டுகளைத் தான் முதலில் சந்தித்த வரிசையிலேயே அடுக்குகிறது. ஆனால் ஒரே கிளாஸ் பெயர் (செக்மென்ட்டின் வகையைக் குறிக்க நாம் தரும் பெயர்) கொண்டவற்றை அடுத்தடுத்து வைத்துவிடுகிறது. சிக்கல் இங்கேதான். டாஸ் இயங்குதளத்தில், நினைவகத்திலேயே தங்கிவிடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். தங்க வேண்டிய குறிமுறையும் தரவும் முன்னால் இருக்க வேண்டும். ஒரே ஒருமுறை ஓடும் தொடக்கக் குறிமுறை கடைசியில் இருந்தால்தான் அந்த இடத்தை டாஸிடம் திருப்பித் தர முடியும். தொடக்கப் பகுதிக்கும் 'கோட்' என்றே கிளாஸ் கொடுத்தால், அது தரவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை மட்டும் வெட்டிவிட வழியில்லை.

இதற்கு நம்பகமான வழி, உள்ளே ஒரு வரிகூட இல்லாத வெற்று செக்மென்ட்டுகளை, வேண்டிய வரிசையில், ஒரு தனிக் கோப்பில் அறிவித்து, அந்த ஆப்ஜெக்ட்டை லிங்க் கட்டளையில் முதலாவதாகக் கொடுப்பதுதான். பெயர், அலைன்மென்ட் (செக்மென்ட் எந்த முகவரி எல்லையில் தொடங்க வேண்டும் என்பது), கிளாஸ் ஆகியவை மற்றக் கோப்புகளில் உள்ளபடியே இருக்க வேண்டும்; தொடக்கப் பகுதிக்குத் தனிக் கிளாஸ் வேண்டும். செக்மென்ட் வரிசையைத் தானே அமைத்துத் தரும் 'டாஸ்செக்' கட்டளை இங்கே உதவாது: அது கோட் கிளாஸை முதலிலும் ஸ்டாக்கைக் கடைசியிலும் வைக்கும் தன் வரிசையைத் திணித்துவிடும். லிங்க் செய்தபின், லிங்க்கர் செக்மென்ட்டுகளைப் பட்டியலிட்டுத் தரும் மேப் கோப்பைத் திறந்து, தொடக்க முகவரி, முடிவு முகவரி, நீளம், பெயர், கிளாஸ் என்ற பத்திகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ரிச்சி தெருவில் வாங்கும் ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளிலும் இதே அக்கறை தேவைப்படுகிறது. அங்கே, செயலி தொடங்கும்போது பார்க்கும் முகவரிப் பட்டியலான வெக்டர் அட்டவணையின் முதல் சொல் ஸ்டாக் முகவரி, இரண்டாவது ரீசெட் முகவரி. குனு லிங்க்கருக்கு நாம் எழுதித் தரும் ஸ்கிரிப்ட்டில், நிரலின் தொடக்க இடத்தைக் குறிக்க 'என்ட்ரி' என்று எழுதுவது எதையும் முன்னால் நகர்த்தாது. 'செக்ஷன்ஸ்' பகுதியில் அந்த அட்டவணையை ஃப்ளாஷின் தொடக்கத்தில் நாமே வைக்க வேண்டும். பயன்படாத பகுதிகளை நீக்கச் சொல்லியிருந்தால், அதைச் சுற்றி 'கீப்' என்று எழுதவும் வேண்டும். அட்டவணையை எந்தக் குறிமுறையும் பெயர் சொல்லி அழைக்காததால், லிங்க்கர் அதைத் தேவையற்றது என்று தூக்கிவிடும்.