கைப்பழக்கம்

1979-இல் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் சேர்ந்தேன். எங்கள் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் அதே இருட்டில் நானும் கிளம்புவேன். பட்டர்வொர்த் போய் ஃபெர்ரி ஏறி, தீவில் இறங்கி, ஆலை பஸ் பிடிக்க வேண்டும். பினாங்குப் பாலம் வந்தது 1985-இல்தான்.

ஆலைகள் நின்ற இடம் சில வருடம் முன்புவரை நெல் வயல். தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை பினாங்கு இழந்து, படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் திரிந்த காலம் அது. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் யூ, வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தாமே தேடிப் போய் அழைத்தார். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கே தொடங்கியது. அமெரிக்காவில் செய்த சில்லு (சிப்) விமானத்தில் வரும். இங்கே கம்பி பொருத்தி, உறையிட்டு, சோதித்து அனுப்ப வேண்டும். வரும்போதும் போகும்போதும் சுங்க வரி கிடையாது. இவ்வளவு தூரம் அனுப்பி வாங்குவது கட்டுப்படியாக வேண்டுமென்றால் கூலி குறைவாக இருக்க வேண்டும். அந்தக் கூலிக்கு வந்தவர்கள் நாங்கள், பெரும்பாலும் கம்பம் எனப்படும் மலாய் கிராமங்களிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த பெண்கள்.

என் வேலை கம்பி பொருத்துவது. தங்கக் கம்பி, தலைமுடியில் பாதிகூட இருக்காது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கம்பியின் நுனியில் திரளும் குட்டிப் பந்தைச் சில்லின் மேல் சரியான கட்டத்தில் அழுத்தி, வளைவு விட்டு, மறுமுனையைச் சில்லைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் காலில் பதிக்க வேண்டும். பிறகு அடுத்த கம்பி. தூசி ஆகாது என்பதால் பவுடர் பூசக் கூடாது, பூ வைக்கக் கூடாது. முதல் வாரம் பஸ்ஸில் திரும்பும்போது தெரு விளக்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கழுத்து மரத்துவிடும். கை படிய எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

எங்கள் வரிசையில் மூத்தவர் ஒரு மலாய் அக்கா. எல்லாரும் 'காக்' என்று கூப்பிடுவோம். ஒரு நாள் கம்பிகள் வரிசையாக விட்டுப்போயின. இஞ்சினியர்கள் வெப்பத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். காக் ஐந்து நிமிடம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பந்து ஒரு பக்கமாக நசுங்குகிறது, ஊசிமுனை தேய்ந்துவிட்டது என்றார். மாற்றியதும் சரியானது. அன்றைய அறிக்கையில் அவர் பெயர் இல்லை.

அக்காலத்தில் முதலீட்டாளரைக் கவர அச்சடித்த அரசாங்கக் கையேடுகள் கிழக்கத்தியப் பெண்ணின் சிறிய, சுறுசுறுப்பான கைகளைப் புகழ்ந்தன. அந்தப் புகழ்ச்சி எனக்கு இன்றும் கசக்கிறது. பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அதைத் தொழில்திறமை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்கான கூலியும் தர வேண்டியதில்லை. பதிவேட்டில் நாங்கள் கடைசி வரை 'ஓபரேட்டர்'தான். சங்கம் வைக்கவும் வழியில்லை. 1988-இல்தான் மின்னணுத் தொழிலாளர்களுக்கு அந்தந்த ஆலைக்குள் மட்டும் சங்கம் வைக்க அனுமதி கிடைத்தது. எண்பதுகளில் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. பிறகு மந்தம் வந்தது. என் வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள், காக் உட்பட.

நான் தப்பினேன். 1989-இல் ஆலைகளும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்துக்கு என்னை அனுப்பினார்கள். டெக்னீஷியன் ஆனேன், பிறகு பயிற்சி கொடுப்பவளானேன். பினாங்கை நான் மெச்சுவது இதற்காகத்தான். வந்த ஆலைகள் ஆட்களை வளர்த்தன, அந்த ஆட்களில் சிலர் வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். உலகின் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அந்தக் கணக்கில் காக்கின் ஐந்து நிமிடமும் இருக்கிறது.

ஓய்வு பெறும்வரை, ஆலைக்கு வேலைக்கு வந்த நேபாளத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கும் கழுத்து வலித்தது, அவர்களுக்கும் மெல்ல மெல்லத்தான் கை படிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்தது ஒன்று. அம்மா பால் சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கம்பியின் கனத்தை என் முடி ஒன்றைப் பிடித்துக் காட்டினேன்.

"அறுந்தா என்னடி செய்வ?"

"மறுபடியும் போடணும்மா."

"மரத்துல கத்தி ஆழமா பட்டா மறுபடியும் போட முடியாது. அந்த எடம் முண்டு கட்டிரும்." விரலால் கத்தியின் முனையைத் தடவிப் பார்த்தார். "நாளுக்கு எவ்வளவு வெள்ளி குடுக்கிறான்?"

சொன்னேன்.

"எனக்குக் குடுக்கிறதுதானா," என்றார்.