சிவப்பு நெல்லில் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

சிவப்பு அரிசி ரகமான மாப்பிள்ளை சம்பாவின் விதை கைக்கு வந்ததும் நூறு நெல்லை நகத்தாலேயே உரித்துப் பாருங்கள். மெஷினில் போட்டுத் தீட்டினால் ஒன்றும் தெரியாது. நிறம் தவிட்டோடு போய்விடும், எல்லாமே வெள்ளையாகிவிடும். உமியையும் நம்ப முடியாது. கருங்குறுவை ரகத்துக்கு உமி கறுப்பு, அரிசி சிவப்பு. உமி நிறத்துக்கும் அரிசி நிறத்துக்கும் மரபணு வேறு வேறு.

நூறில் இரண்டு மூன்று வெள்ளை இருந்தால் பெரும்பாலும் அது களத்திலோ அறுவடை மெஷினிலோ கலந்தது. நெல் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும்; அயல் கலப்பு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். ஆனால் அந்தக் கொஞ்சம்தான் ஏய்க்கும். தவிட்டுத் தோல் தாய்ச்செடியின் பாகம். பக்கத்து வயல் வெள்ளை ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும் அந்த மணி சிவப்பாகவே இருக்கும். அதை விதைத்து வரும் செடியின் அரிசியும் சிவப்புதான். சிவப்பு ஓங்கு குணம்; வெள்ளைக்கான மரபணு கூடவே இருந்தாலும் சிவப்புதான் வெளியே தெரியும். அதற்கும் அடுத்த விதைப்பில்தான் அதன் வாரிசுகளில் நாலுக்கு ஒரு செடி வெள்ளையாகக் காய்க்கும். நிறம் தருவது 7வது குரோமோசோமில் உள்ள 'ஆர்சி' மரபணு. அதில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டதால் வந்ததுதான் பெரும்பாலான வெள்ளை அரிசி. கறுப்பு அரிசி ரகமான கறுப்புக் கவுனியின் நிறம் வேறு சரக்கு, ஆந்தோசயனின் என்ற நிறமி.

இதில் ஒரு வசதியும் உண்டு. ஒரே கதிரில் சிவப்பும் வெள்ளையும் கலந்து வராது. நன்றாக முற்றிய ஒரு மணியை உரித்தால் போதும், முழுக் கதிரின் நிறம் தெரிந்துவிடும். பச்சை மணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சிவப்பு கடைசியில்தான் ஏறும்.

வெள்ளைச் செடியைப் பிடுங்கினால் மட்டும் கலப்பு தீராது. மிச்சமுள்ள சிவப்பு வாரிசுகளில் மூன்றில் இரண்டு வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும். அதனால் நடு வயலில் 50 கதிர் தனித்தனியாக எடுத்து, கதிருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 20 நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்றாக நடுங்கள். ஒரு செடி வெள்ளை காட்டினாலும் அந்த வரிசை முழுவதும் உணவுக்குத்தான், விதைக்கு ஆகாது. வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும் கதிர் 20 நாற்றிலும் வெள்ளை காட்டாமல் தப்பிப்பது ஆயிரத்தில் மூன்று முறைதான். பத்து நாற்றோடு நிறுத்தினால் நூறில் ஐந்தாறு தப்பிவிடும். வேறு ரகத்துக்கு 3 மீட்டராவது இடைவெளி விடுங்கள்.