அம்மா வைத்த பெயர் ஊருணி

வீடு பார்க்கப் போன அன்று ஏஜென்ட் பின்கதவைத் திறந்ததுமே பிள்ளைகள் இரண்டும் "பூல்! பூல்!" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு மனசுக்குள் ஓடியது கணக்கு. நீளம் 8 மீட்டர், அகலம் 4, ஆழம் சராசரியாக ஒன்றரை. பெருக்கினால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும். 3,200 குடம். தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு ஆறு குடம் என்று வைத்தால் ஐந்நூற்றுச் சொச்சம் நடை. இத்தனை தண்ணீரும் யாரும் குடிக்காமல், யாரும் வரிசையில் நிற்காமல், கொல்லையில் சும்மா நீலமாகக் கிடந்தது.

2019 ஆகஸ்டில் அந்த வீட்டை வாங்கினோம். சிட்னிக்கு மேற்கே, டூங்காபியில். ரயில் நிலையம் நடக்கிற தூரம். வென்ட்வொர்த்வில் போனால் முருங்கைக்காய் கிடைக்கும், தமிழ் காதில் விழும். பூல் மட்டும்தான் இடித்தது. "யானையைக் கட்டித் தீனி போடுற வேலை" என்றார்கள் நண்பர்கள். ஒருத்தர், மண்ணைக் கொட்டி மூடிவிட்டு மேலே முருங்கை வைக்கச் சொன்னார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டபிறகு யானையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சிட்னி இருக்கும் இந்த மாநிலத்தில் பூல் வைத்திருப்பவர் அரசாங்கத்தின் பதிவேட்டில் பதிய வேண்டும். சுற்றிலும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி, தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்வது எப்படி என்று படம் போட்ட பலகை, எல்லாம் சட்டம். கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால் அபராதம். எங்கள் ஊர் ஊருணிக்கும் வேலி உண்டு. அது ஆடு மாடு இறங்கி, ஆள் கால் வைத்துத் தண்ணீரைக் கெடுத்துவிடாமல் இருக்க. இங்கே வேலி, பிள்ளைகள் உள்ளே விழாமல் இருக்க. இரண்டு வேலிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பழக ரொம்ப நாளானது.

முதல் இரண்டு மாதம் பூல் கடைதான் கதி. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள். மெஷினில் வைப்பார்கள், ஒரு நிமிடத்தில் காகிதம் வரும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. குளோரின், பிஎச், காரத்தன்மை, சுண்ணாம்புக் கடினம், ஸ்டெபிலைசர் என்று வரிசையாக எண்கள். அப்புறம் கவுன்ட்டரில் இருக்கும் பையன் நாலு பாட்டிலை எடுத்து வைப்பான். சோதனை இலவசம், மருந்துக்கு நூறு டாலர். அடுத்த வாரம் இன்னொரு காகிதம், இன்னும் நாலு பாட்டில். பாசிக்கொல்லி, தெளிவிப்பான், பாஸ்பேட் நீக்கி. ஊரில் காய்ச்சலுக்குப் போனால் தட்டில் ஐந்து மாத்திரையை மடித்துக் கொடுக்கும் டாக்டர்தான் ஞாபகம் வருவார். எதற்கு எது என்று அங்கேயும் கேட்டதில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

பழைய வீட்டுக்காரர் தண்ணீரில் ஒரு மிதவையை விட்டுப் போயிருந்தார். அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் குளோரின் வில்லைகள். கரையக் கரைய நாமும் புதிது போட்டு வந்தோம். அந்த வில்லைதான் வில்லன் என்று அப்போது தெரியாது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. இங்கே வசந்தத்தின் நடு, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நாலு குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தோம். காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து உட்கார வைத்தோம். சீயக்காய் கரைத்துக்கொண்டு வருவதற்குள் ஒன்பது பிள்ளைகளும் எண்ணெய்த் தலையோடு பூலில். வெளியே இழுக்க யாருக்கும் மனசு வரவில்லை. கங்கா ஸ்நானம் ஆச்சு போ என்று சிரித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனோம். சாயங்காலம் தண்ணீர் மட்டத்தில் டைல்ஸைச் சுற்றி ஒரு பிசுக்குக் கோடு. மறுநாள் கண்ணை எரிக்கும் ஒரு நெடி. குளோரின் கூடிவிட்டது போல என்று நினைத்து வில்லையைக் குறைத்தேன். அது நேர்மாறான வைத்தியம். வியர்வையும் சிறுநீரும் அழுக்கும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி நாறும். சுத்தமான குளோரின் போதுமான அளவு இருக்கும் தண்ணீரில் வாடையே தெரியாது. வியாழக்கிழமை பூல் பச்சை. எங்கள் கண்மாய் நிறம். ஆனால் கடையின் காகிதத்தில் குளோரின் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு 2 பங்கு, சரியான அளவு என்று டிக் அடித்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மால்ட்டா தீவிலிருந்து அறுபதுகளில் வந்த ஒரு தாத்தா. பச்சைத் தண்ணீரைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு நீலப் பெட்டியோடு வந்துவிட்டார். உள்ளே சின்னச் சின்னச் சொட்டுப் பாட்டில்கள், கோடு போட்ட குழாய்கள். கடைக் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் விரலை வைத்தார். 'ஸ்டெபிலைசர்: 100க்கு மேல்.' எட்டு வாரமாக எட்டுக் காகிதத்திலும் அந்த வரி இருந்திருக்கிறது. கடைப் பையனும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை.

ஸ்டெபிலைசர் என்பது சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் நிற்காது. ஆஸ்திரேலிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். சயனூரிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடை பிடிக்கிற மாதிரி. 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் போதும். கூடிப்போனால் பிடித்த பிடியை விடாது. சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், பாசியைக் கொல்ல மட்டும் அது வராது. பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் பணம் மாதிரி. நாங்கள் போட்ட வில்லை ஒவ்வொன்றிலும் குளோரினோடு இந்த அமிலமும் சேர்ந்தே இருந்தது. குளோரின் செலவாகிப் போகும், அமிலம் போகாது. வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதை அளக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குழாயின் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு. பூல் தண்ணீரோடு ஒரு மருந்தைக் கலந்தால் பால் போலக் கலங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். பொட்டு எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. எங்கள் தண்ணீரில் முதல் கோட்டுக்கு முன்பே மறைந்துவிட்டது. தாத்தா பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி ஊற்றச் சொன்னார். இப்போது 60. இரண்டால் பெருக்கு, 120.

காரத்தன்மைக்குச் சொட்டு எண்ண வேண்டும். பச்சை சிவப்பாக மாறும் வரை ஒரு சொட்டுக்குப் பத்து. பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் நின்றது அப்படியே வந்துவிட்டது. எனக்கு ஆறு சொட்டு வந்தது. 80 முதல் 120 வரை இருக்க வேண்டியது. ஏற்றுவதற்குக் கடையில் 'பஃபர்' என்று ஒரு வாளி விற்பார்கள். தாத்தா அதன் மேல் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். சோடியம் பைகார்பனேட். ஆப்ப சோடா! நாலு மூட்டை மாவுக்குப் போதுமான ஆப்ப சோடாவை, மூன்றே கால் கிலோ, தண்ணீரில் தூவினேன்.

பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று எல்லாக் காகிதத்திலும் போட்டிருக்கும். ஏன் என்று அவர்தான் சொன்னார். 7.5 இருக்கும்போது குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8ஐத் தொட்டால் அது கால் பங்காகிவிடும். காசு கொடுத்து ஊற்றிய குளோரின் மிச்சமும் வெறுமனே நிற்கும். இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாளியில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட். ஒருநாளும் மாற்றிச் செய்யக்கூடாது. குளோரின் பாட்டிலும் ஆசிட் பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது, ஒன்றின் ஆவி இன்னொன்றைத் தொட்டாலே விஷவாயு. ஒரு தடவை நான் இரவில் நிறைய திரவ குளோரின் ஊற்றிவிட்டு, காலையில் பிஎச் பார்த்தேன். சிவப்பாக வர வேண்டியது ஊதாவாக வந்தது. அடேயப்பா, எங்கேயோ ஏறிவிட்டதே என்று ஆசிட் கேனைத் தூக்கிவிட்டேன். தாத்தா வேலிக்கு மேலே கையை ஆட்டித் தடுத்தார். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு மருந்தே கெட்டுப்போய் ஊதா காட்டுமாம். தண்ணீரில் கோளாறில்லை, சோதனையில்தான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், 7.6.

எல்லாம் சரி, 120ஐ என்ன செய்வது? அதற்கு மருந்து கிடையாது. பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். முழுசாகக் காலி செய்தால் நிலத்தடி நீர் தொட்டியையே மேலே தூக்கிவிடும் ஆபத்து உண்டு, அதனால் பாதி பாதியாக. பாதி என்றால் 1,600 குடம். 2019 டிசம்பர் 10 முதல் சிட்னியில் தண்ணீர்க் கட்டுப்பாடு இரண்டாம் நிலைக்குப் போனது. தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது, வாளியில்தான் ஊற்ற வேண்டும். கட்டுப்பாடே இல்லாவிட்டாலும் எனக்குக் கை வந்திருக்காது. வில்லையை நிறுத்திவிட்டு, தாத்தா சொன்ன கணக்கில் திரவ குளோரினைக் கூட்டி ஊற்றி ஊற்றி ஓட்டினேன்.

அந்த மாதம்தான் அம்மா வந்தார். காட்டுத்தீப் புகையில் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. காலையில் எழுந்தால் பூல் மேல் கருகிய யூகலிப்டஸ் இலை, சாம்பல். அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

"இதக் குடிக்க மாட்டீகளா?"

"இல்லம்மா."

"துணி தொவைக்க?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குத்தா அம்புட்டு வைத்தியம்?"

பதில் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து சாம்பலை வலையால் அள்ளியது அம்மாதான். அதற்கு 'ஊருணி' என்று பெயரும் வைத்தார். கதவு தானாக மூடிக்கொள்வது அவருக்கு எரிச்சல். ஒருநாள் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே வடகம் காயப் போட்டிருந்தார், நல்ல வெயில் அங்கேதான் அடிக்கிறதாம். நான் கத்தியதில் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கடையில் வாங்கிய தெளிவிப்பானைக் காட்டினேன். கலங்கலில் இருக்கும் தூசியைத் திரட்டிக் கீழே படிய வைக்கும் என்றேன். "தேத்தாங்கொட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பது அம்மாவின் வழக்கம். விடிந்தால் தெளிந்திருக்கும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் மழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். தெருவுக்கு என்றேன். என் கணவர் பக்கம் திரும்பினார். "மாப்ள, அந்தக் கொழாய இங்கிட்டுத் திருப்ப முடியுமா?" தமிழ்நாட்டில் 2003லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்று. சொல்லித் தர இங்கே அம்மா வர வேண்டியிருந்தது. பூலை ஒரு சாண் இறக்கி, அந்தத் தண்ணீரைச் சாக்கடை வாய்க்கு விட்டோம். மழைநீர் வடிகாலில் பூல் தண்ணீரை விடக்கூடாது. இவர் ஹார்டுவேர் கடைக்குப் போய் வளைகிற பெரிய குழாய் வாங்கி வந்தார்.

முதல் மழையைப் பிடிக்க அம்மா விடவில்லை. கூரையில் இரண்டு மாதச் சாம்பல் இருக்கிறது, கழுவிப் போகட்டும் என்றார். ஓட்டிலிருந்து மை மாதிரி இறங்கியது. அது தெளிந்த பிறகு குழாயைத் திருப்பினோம். நான்கு நாளில் சிட்னியில் ஏறக்குறைய 390 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. மேலே வந்து விழ விழ, பம்பைப் போட்டு மட்டத்தை இறக்கிக்கொண்டே இருந்தோம். ராத்திரி ஒரு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தது அம்மா.

ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்து ஊற்றினேன். அம்மா பக்கத்தில் குனிந்து பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 65இல் மறைந்தது. பெருக்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பும் காரமும் கிடையாது என்பதால் அவை இரண்டும் கூடவே இறங்கியிருந்தன. மறுபடி ஆப்ப சோடா. கான்கிரீட் தொட்டியை அரிக்காமல் இருக்க ஒரு மூட்டை கால்சியம் குளோரைடும். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

ஊருக்குப் போகும்போது அம்மா கேட்டு வாங்கிப் போனது ஒரு டப்பா சோதனைக் காகிதப் பட்டைகள். மார்ச்சில் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார். கையில் பட்டை. போர்த் தண்ணீரில் முக்கினாராம். கடினத்துக்கான கட்டம், டப்பாவில் அச்சடித்திருந்த கடைசி நிறத்தையும் தாண்டிக் கறுத்திருந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த அன்று அதில் ஒன்றை முக்கியிருக்கிறார், குளோரின் கட்டம் லேசாக மாறியிருக்கிறது. "மருந்து போட்டுத்தான் விடுறான்" என்றார், பஞ்சாயத்தை இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு வருந்துகிற குரலில். ஊருணிக்கு நாளைக்கு என்றார். வேலிக்கு உள்ளே கால் வைக்கக்கூடாது என்பதால், எவளாவது தண்ணீர் எடுத்து வரும் குடத்தில் முக்கிக்கொள்வாராம்.