பாக்கெட்டின் பின்பக்கம்

படிப்பதற்காக வெளிநாடு போகும் மாணவர்கள் மளிகை வாங்க உதவும் செயலி ஒன்றை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து வடிவமைத்து வருகிறேன். சொன்னவுடன் பலரும் கேட்பது இதைத்தான்: "போன் கேமராவைக் காட்டினாலே எல்லாம் மொழிபெயர்த்து வந்துவிடுகிறதே, இதற்குத் தனியாக ஒரு ஆப் எதற்கு?"

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துச் சொல்கிறேன். கையில் வைத்திருக்கும் மாணவி சைவம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல். கேமராவைக் காட்டுகிறாள். மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் அவள் மொழியிலேயே வந்துவிடுகின்றன. அப்புறம் "எமல்சிஃபையர் இ471" என்று ஒன்று வருகிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள் எமல்சிஃபையர், இ471 என்பது அந்தச் சேர்பொருளுக்குரிய எண். மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அவளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இ471 தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது, விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இரண்டுக்கும் எண் ஒன்றுதான். அதே பட்டியலில் இ120 இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். இந்த வித்தியாசத்தைச் சொல்ல அகராதி போதாது, யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் திரையில் மூன்று பதில்கள்தான்: சாப்பிடலாம், வேண்டாம், இந்த லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவதற்காக நான் நிறைய வாதாடினேன். "தெரியாது என்று சொல்லும் ஆப்பை யார் வைத்துக்கொள்வார்கள்?" என்பது எதிர்த்தரப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பையனுக்குத் தவறான ஒரு "சாப்பிடலாம்" உயிருக்கே ஆபத்து. ஊகத்தைப் பச்சை நிறத்தில் காட்டுவதை விட, "உற்பத்தியாளரிடம் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

பார்கோடை ஸ்கேன் செய்தால் தகவல் வருவதற்கு ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் இருக்கிறது. 2012இல் பிரான்சில் தொடங்கியது. தன்னார்வலர்கள் பாக்கெட்டுகளைப் படம்பிடித்துச் சேர்க்கும் திறந்த தரவுத்தளம். பெரிய சேவை. ஆனால் படம் பிடித்த பிறகு நிறுவனம் செய்முறையை மாற்றியிருக்கலாம். ஆகவே அங்கிருந்து வரும் தகவலை முதலில் காட்டிவிட்டு, கையில் இருக்கும் லேபிளையும் ஒரு படம் எடுக்கச் சொல்லி ஒப்பிடுகிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கையில் இருப்பதே கணக்கு. பார்கோடின் முதல் மூன்று எண்களைப் பார்த்து எந்த நாட்டில் தயாரானது என்று கண்டுபிடிக்கலாம் என ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியல்ல. பார்கோடு எண்களை வழங்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1-இன் எந்த நாட்டுக் கிளை அந்த எண்ணை வழங்கியது என்பது மட்டும்தான் அதில் தெரியும். பொருள் வேறெங்கும் தயாராகியிருக்கலாம்.

தேதியிலும் கவனம் வேண்டியிருக்கிறது. 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். "இதற்குள் பயன்படுத்தவும்" என்றால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தாண்டினால் சாப்பிடக் கூடாது. "இதற்கு முன் சிறந்தது" என்றால் தரம் சம்பந்தப்பட்டது. சுவை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். தேதி நெருங்கியதால் விலை குறைத்து வைத்திருக்கும் பொருட்களை அதிகம் தேடுவது மாணவர்கள்தான். இந்த ஒரு விஷயம் தெளிவானால் நல்ல உணவு குப்பைக்குப் போகாது, கெட்டது வயிற்றுக்குப் போகாது.

சொந்த நாட்டுப் பணத்தில் விலை காட்டும் வசதியை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முதல் வாரத்தில் எல்லோரும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, தேவையானதைக்கூட வாங்காமல் வந்துவிடுகிறார்கள். ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பக்கத்துப் பாக்கெட்டோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும். ஒன்றில் கிராம், இன்னொன்றில் அவுன்ஸ் என்றிருந்தாலும் (ஒரு அவுன்ஸ் சுமார் 28.35 கிராம்) கணக்கைச் செயலியே போட்டுவிடும்.

எந்த நாட்டுக்காரர் என்று கேட்டு, அதை வைத்தே இவர் இன்னது சாப்பிடுவார் என்று முடிவுகட்டும் வடிவமைப்புகள் மேல் எனக்குக் கோபமே உண்டு. ஒரே நாட்டிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் மூவருக்கு மூன்று விதமான கட்டுப்பாடுகள் இருக்கும். அவரவர் தங்களுக்கு வேண்டாததைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் என்ன சாப்பிடுவதில்லை என்பதிலிருந்து அவருடைய மதமும் நோயும் தெரிந்துவிடும். ஆகவே அந்தத் தேர்வு அவர் போனை விட்டு வெளியே போகாது. எல்லாமே இணையம் இல்லாமல் இயங்கவும் வேண்டும். போய் இறங்கி, சிம் கார்டுகூட வாங்காத நிலையில்தான் பலர் முதன்முதலாகக் கடைக்குப் போகிறார்கள்.

இன்னும் பிடிபடாமல் இருப்பது, கடையிலேயே வெட்டி எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டித் தரும் பொருட்கள். இரண்டில் தொடங்கும் அந்த பார்கோடுகள் அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லும், எந்தப் பொதுத் தரவுத்தளத்திலும் தேடிப் பயனில்லை. இப்போதைக்கு அங்கே செயலி செய்வது ஒன்றுதான். கடைக்காரரிடம் காட்டுவதற்கு, "இதில் இது சேர்ந்திருக்கிறதா?" என்ற கேள்வியை அந்த ஊர் மொழியில் பெரிய எழுத்தில் திரையில் எழுதித் தருகிறது.