முதல் நாவல் நாட்கள்

ஏப்ரல் 6
முன்னூறு பிரதிகள் என்று முடிவாகிவிட்டது. ஐந்நூறு அடித்தால் ஒன்றின் விலை இறங்கும் என்றார் அச்சகத்தார். மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே யார் அடுக்குவது?

ஏப்ரல் 27
வைகாசியில் வெளியீடு வேண்டாம் என்கிறார்கள் எல்லோரும். மட்டக்களப்புப் பக்கம் செட்டிபாளையம் முதல் காரைதீவுவரை கண்ணகை அம்மன் சடங்கு. நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை மண்டபத்துக்கு ஒரு சனமும் வராது. நானே வரமாட்டேன்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 17
புளியந்தீவில் வெளியீடு. நயவுரை ஆற்றியவர் நூலை வாசித்திருந்தார், அதுவே பெரிது. சிறப்புப் பிரதி பெற்றவர்கள் கமராவைப் பார்த்தார்கள். பெரியம்மா முன்வரிசையில். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

ஜூலை 2
வாரப் பத்திரிகையில் விமர்சனம். மட்டக்களப்பு நாவலாம், போர் எங்கேயாம்.

கதை தொடங்குவது 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளியில். முடிவது அடுத்த வருடம், தென்னம்பிள்ளை நடுவதோடு. நடுவில் வருவதெல்லாம் தென்னோலையில் பின்னும் கிடுகுதான். விழுந்த மரங்களின் ஓலை இருந்தவரை ஊரே பின்னியது. அது தீர்ந்த பிறகு கூரைக்கு என்ன செய்வது, வயதுக்கு வந்த பிள்ளையை எங்கே மறைப்பது? இதைத்தான் பெரியம்மா எனக்குச் சொன்னார். நட்ட பிள்ளை காய்க்க ஆறேழு வருடமாகும். கூட்டிப் பார்த்தால் 1985. அந்த வருடத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று விமர்சகருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கடைசிப் பக்கத்தில் அந்தக் குழியை எதற்குத் தோண்டினேன்?

ஜூலை 3
முதல் முயற்சி என்பதால் பொறுத்துக்கொள்ளலாமாம்.

ஜூலை 9
இரண்டாம் பதிப்பில் அருஞ்சொல் விளக்கம் சேர்க்கச் சொல்லி கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார். முதல் பதிப்பே கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

பெரியம்மா வாசித்தாரா? கேட்கப் பயம்.

ஜூலை 15
வாசிக்கவில்லை. கண் தெரியவில்லையாம். “நீயே வாசி மகள், கேட்கிறேன்” என்றார்.

இரண்டு அத்தியாயம் வாசித்தேன். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். “அந்தப் பெட்டைக்கு ஏன் என் பெயரை வைக்கவில்லை?” ஒளித்ததற்கு நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன், கோபம்!

மூன்றாவது நாளைக்கு. அதில்தான் மாமா சாகிறார். அக்காவின் கை விட்டுப்போனதை எழுதியிருக்கிறேன். பெரியம்மா அதை யாருக்கும் சொன்னதில்லை. எனக்குச் சொன்னது அம்மா.

ஜூலை 16
மின்சாரம் இல்லை, நாளைக்கு வாசிக்கலாம் என்றேன். “பகலில் எதற்கு மின்சாரம்?” என்றார்.