காற்றாலையை அழிக்கிற வேலை

பணகுடிப் பக்கம் படப்பிடிப்பு. கதை நடப்பதோ வெள்ளைக்காரன் காலத்தில். கேமராவில் பார்த்தால் அடிவானம் முழுக்கக் காற்றாலைகள். "கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம்தானே?" என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அழிக்கலாம். ஆனால் சுழலும் இறக்கைக்கு முன்னால் கதாநாயகியின் கூந்தல் பறக்கிறது. அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம். கேமராவைப் பத்தடி நகர்த்தினால் அங்கே நிற்கிற பனைகளே பாதியை மறைத்துவிடும். விஷுவல் எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசருக்குச் சம்பளம் பெரும்பாலும் இந்தப் பத்தடியைச் சொல்வதற்குத்தான்.

மற்ற நேரம் ஒரு கையில் கண்ணாடிபோல் மின்னும் உருண்டை, மறு கையில் சாம்பல்நிற உருண்டை என்று கேமரா முன்னால் வெயிலில் நிற்பேன். பிறகு கணினியில் உருவாக்கும் பொருளின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதற்கு அவைதான் சாட்சி. (வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், நான் திருஷ்டி கழிப்பதாகவே நினைத்துக்கொண்டார்.) பின்னணியைக் கணினியில் நீக்குவதற்காக நடிகர்களுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் திரை அம்பாசமுத்திரத்து வயலில் உதவாது, பயிரும் பச்சை. அங்கே நீலத் துணிதான்.

எந்த மென்பொருள் படிக்கலாம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியூக், மாயா எதையும் போகப்போகக் கற்கலாம். பெரும்பாலோர்க்கு முதல் வேலை ரோட்டோ, அதாவது அந்தக் கூந்தலைப்போல உருவங்களை ஒவ்வொரு ஃபிரேமிலும் பிரித்தெடுப்பது. அடுத்து கம்பாசிட்டிங், தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைப்பது. சூப்பர்வைசர் நாற்காலி வெகு தூரத்தில். ரோட்டோவில் அலுத்துப்போகாதவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.